கிழக்கு ட்ரம்வாராவின் ஒரே ஒரு வாக்கு

1

இந்தக் கதையை எழுத நான் நினைக்கவே இல்லை. என்னிடம் கேட்டது ஒரே ஒரு வாக்கியம்.

ட்ரம்வாரா கடைத்தெருவில் என் மருந்துக்கடைக்கு நேர் எதிரே டெவனி இரும்புக்கடை. போன செவ்வாய்க்கிழமை டிம்ப்னா டெவனி தெருவைத் தாண்டி வந்து, கணவன் மாலகியின் காதுக் கருவிக்கு பேட்டரி வாங்கினாள். வாங்கிய பிறகும் போகாமல் நின்றாள். மருந்துக்கடையில் வாங்கிய பிறகும் போகாமல் நிற்பவர்களுக்கு மருந்தில்லாத ஏதோ ஒன்று இருக்கிறது என்பது எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது.

"நீ உன் பாஷைல கதையெல்லாம் எழுதறியாமே?"

"ஏதோ கிறுக்கறேன்."

"அப்ப எனக்கு ஒரு வாக்கியம் எழுதிக் குடு. ஒண்ணே ஒண்ணு போதும். மத்ததெல்லாம் நானே எழுதிட்டேன்."

ஊர் வரலாற்றுச் சங்கம் ஒரு சின்னப் புத்தகம் போடுகிறது. பழைய கிழக்கு ட்ரம்வாரா நாடாளுமன்றத் தொகுதியின் வரலாறு. எழுதியது டிம்ப்னா. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். கடைசிப் பக்கத்தின் கடைசி வரி மட்டும் இப்படி நின்றுகொண்டிருந்தது:

'தொகுதியின் கடைசித் தேர்தலில் மாலகி டெவனி ............ வாக்கு வித்தியாசத்தில் தோற்றார்.'

"இதுல யோசிக்க என்ன இருக்கு? ஒரு வாக்குன்னு போடு. ஊருக்கே தெரிஞ்ச விஷயம்தானே" என்றேன்.

"ஊருக்கே தெரிஞ்சதுதான் இப்ப தொல்லை" என்றாள். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது, வேறு யாரும் வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். நான் வாக்கியத்தை எழுதாமல் இதை எழுதிவிட்டேன். மன்னிக்கச் சொல்லி இன்னும் கேட்கவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'அயர்லாந்தின் மேற்குக் கரையில், அட்லாண்டிக் பெருங்கடலின் ஓயாத அலைகள்—'

அடித்துவிட்டேன். அலை ஓயாது என்பதைச் சொல்ல ஒரு எழுத்தாளன் தேவையில்லை. தவிர, என் கடையிலிருந்து கடல் தெரியாது. தெரிவது மாலகியின் கடை வாசலில் அடுக்கியிருக்கும் தகர வாளிகள்தான்.

பிறகு வரலாற்றிலிருந்து தொடங்கிப் பார்த்தேன்:

'லண்டன் நாடாளுமன்றத்தில் கிழக்கு ட்ரம்வாராவுக்கு ஒரு நாற்காலியும் மேற்கு ட்ரம்வாராவுக்கு ஒரு நாற்காலியும் இருந்தன. நாடு தனியானதும் மேற்கு ட்ரம்வாராவைப் பக்கத்துத் தொகுதி விழுங்கிவிட்டது. மேற்கு இல்லாதபோது கிழக்கு எதற்கு, பெயரை மாற்றிக்கொள்ளுங்கள் என்று தலைநகர் டப்ளினிலிருந்து சொன்னார்கள். மேற்கு போனது மேற்கின் பாடு, நாங்கள் கிழக்குதான் என்று ஊரிலிருந்து பதில் போனது. அதே பெயரோடு தேர்தலுக்குத் தேர்தல் மூன்று உறுப்பினர்களை டப்ளினுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இதற்கிடையில் சனங்கள் பிழைப்புத் தேடி இங்கிலாந்துக்கும் பாஸ்டனுக்கும் கப்பலேறிக்கொண்டே இருந்தார்கள். எழுபதுகளின் முடிவில் ஒரு தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் வருவதற்குள் தொகுதியை மூன்றாக வெட்டி மூன்று பக்கத்துக்கும் பங்கு போட்டுவிட்டார்கள். வெட்டிய கோடு ஃபின்டன் கில்மார்ட்டின் வீட்டு முற்றத்தின் வழியே போனது. அவன் ஒரு தொகுதியில் தூங்கினான், அவனுடைய கோழிகள் இன்னொரு தொகுதியில் முட்டையிட்டன.'*

இது மோசமில்லை. ஆனால் இதையெல்லாம் டிம்ப்னா என்னைவிட நன்றாக எழுதியிருக்கிறாள். எனக்கு வேண்டியது அவள் எழுதாமல் விட்ட இடம்.

* வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு தேடவேண்டாம். ஊரின் பெயரை மாற்றியிருக்கிறேன், அல்லது ஊரையே உண்டாக்கியிருக்கிறேன். இரண்டில் எது என்று சொன்னால் யாராவது ஒருவர் என் கடைக்கு வருவதை நிறுத்திவிடுவார்.

3

நின்று நிலைத்த தொடக்கம் இதுதான்: மாலகி டெவனி ஒரே ஒரு வாக்கில் தோற்றான். அதனால் ஊரில் ஒவ்வொருவருக்கும் அது தன்னுடைய வாக்கு.

இங்கே ஓட்டுப் போடுவது நம்மூர் மாதிரி ஒரு சின்னத்தில் குத்துவதல்ல. சீட்டில் எல்லா வேட்பாளர் பெயரும் இருக்கும். பிடித்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2, அப்புறம் 3 என்று கயிற்றில் கட்டிய பென்சிலால் கட்டத்தில் எழுதவேண்டும். அதனால் வாசலுக்கு வரும் வேட்பாளர் 'ஓட்டுப் போடுங்கள்' என்று கேட்பதில்லை. 'ஒண்ணு எனக்குத்தானே?' என்றுதான் கேட்பார். வாசல் வரை வந்தவரிடம் இல்லை என்று சொல்வது இந்த ஊரில் மரியாதை இல்லை. ஆகவே வந்த எல்லாருக்கும் ஒன்று கிடைக்கும், வாசலில் மட்டும்.

மாலகிக்கும் எல்லாரும் சொன்னார்கள். முடிவு வந்த மறுநாளிலிருந்து ஒவ்வொருவராக இரும்புக்கடைக்கு வர ஆரம்பித்தார்கள். நேரே விஷயத்துக்கு வரமாட்டார்கள். அரைக் கிலோ ஆணி வாங்குவார்கள், கதவுக் கீல் வாங்குவார்கள், பிறகு தொண்டையைச் செருமுவார்கள்.

"அன்னிக்குப் பார்த்து என் மாடு கன்னு போட்டுச்சு, மாலகி. காலு முன்னாடி வந்துடுச்சு. விட்டுட்டு வர முடியல." இது ஃபின்டன்.

"முடி சுருட்டிக்கப் போயிருந்தேன். அந்தப் பொண்ணு மருந்தைத் தலைல தடவிட்டு எங்கயோ போயிட்டா. அந்தக் கோலத்துல எப்படி மாலகி சாவடிக்கு வருவேன்?" இது அட்ரக்டா மோரன்.

சொல்லிவிட்டுப் போனவர்கள் அதோடு விடவில்லை. ஜெயித்திருந்தால் அவனிடம் எதற்கெல்லாம் போயிருப்பார்களோ அதற்கெல்லாம் அவனிடமே போனார்கள். விதவை உதவித்தொகை, சாலையில் குழி, மகனுக்கு வேலை, பக்கத்து வீட்டுக்காரனின் வேலி. மாலகியும் சலிக்காமல் எழுதிப்போட்டான், போனில் கத்தினான், ஒரு சாவு வீடு விடாமல் போய்க் கைகுலுக்கினான். 'மெம்பர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. வரைபடத்தில் செத்துப்போன தொகுதி இரும்புக்கடையில் உயிரோடு இருந்தது. மூன்று பக்கத்து நிஜ உறுப்பினர்களும் ட்ரம்வாராவுக்கு வந்தால் முதலில் அங்கேதான் வண்டியை நிறுத்துவார்கள்.

(ஒரு வாக்கு கூடியிருந்தால் சமமாகத்தானே ஆகியிருக்கும் என்று கணக்குப் பார்க்கும் வாசகருக்கு: சமமானால், 1 மட்டும் எண்ணிய முதல் சுற்றில் இருவரில் அதிகம் வாங்கியவருக்கே மூன்றாவது நாற்காலி. முதல் சுற்றில் அதிகம் வாங்கியவன் மாலகி. இந்தச் சட்ட நுணுக்கம் ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.)

4

இப்போது டிம்ப்னா. அதற்கு முன் ஒரு சிக்கல். அவளுக்கு இப்போது அறுபத்தொன்பது வயது, 'அவர்' என்று எழுதுவதே முறை. ஆனால் அடுத்த காட்சியில் அவளுக்கு இருபத்திரண்டு. பாதிக் கதையில் 'அவள்', பாதியில் 'அவர்' என்று எழுதினால் யாரோ இரண்டு பேர் போலாகிவிடும். அவளும் மாலகியும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திட்டிக்கொள்பவர்கள். ஆகவே இரண்டு பேரையும் வயது குறைத்துவிட்டேன். அவர்களுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியம்.

இருபத்திரண்டு வயது டிம்ப்னா முதல் தடவையாக ஓட்டுப் போட்டாள். மூன்று நாற்காலிக்கு நான்கு வேட்பாளர்கள். நான்கு பேரும் வாசலுக்கு வந்திருந்தார்கள், நான்கு பேரிடமும் 'ஒண்ணு உங்களுக்குத்தான்' என்று சொல்லியிருந்தாள். மற்றவர்கள் இப்படிச் சொல்லிவிட்டு மறந்துவிடுவார்கள். இவளுக்கு மறக்கத் தெரியவில்லை. மறைப்புக்குப் பின்னால் பென்சிலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு நான்கு கட்டத்திலும் 1 எழுதினாள்.

(இந்த இடத்தில் எனக்கு அவள் மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு வெகுளியாக ஒருத்தி இருப்பாளா? வாசகர் நம்புவாரா? 'மாலகியை அவள் மனதுக்குள்—' என்று ஒரு வரி எழுதி, அவளுக்கு ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினேன்.

"எடு அதை" என்றாள் டிம்ப்னா. "அவன் மூஞ்சி ஊர் பூரா கம்பத்துல தொங்கிட்டிருந்துச்சு. அந்தப் படத்தைப் பார்த்து யாருக்காவது மனசுல ஏதாவது வருமா? நான் சொன்ன சொல்லைக் காப்பாத்தினேன், அவ்வளவுதான்."

எடுத்துவிட்டேன்.)

மறுநாள் தொழிற்பள்ளி மண்டபத்தில் எண்ணிக்கை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. கட்சிக்காரர்கள் தடுப்புக் கம்பியில் வயிற்றைச் சாய்த்துக்கொண்டு, பெட்டியிலிருந்து சீட்டுகளைப் பிரிக்கப் பிரிக்க எட்டிப் பார்த்துத் தாங்களே கோடு போட்டு எண்ணுவார்கள். அதிகாரிகள் எண்ணி முடிப்பதற்குள் இவர்களுக்கு முடிவு தெரிந்துவிடும். எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்பதும் தெரிந்துவிடும், அதுதான் பெரிய சுவாரஸ்யம். டிம்ப்னாவும் கூட்டத்தோடு நின்று எட்டிப் பார்த்தாள். அவளுடைய சீட்டு அவள் கண் முன்னாலேயே பிரிந்தது. வேலிக்கு நட்ட குச்சி மாதிரி நாலு ஒன்று. பிரித்தவர் சிரித்துவிட்டுச் செல்லாத சீட்டுகளின் பெட்டியில் போட்டார்.

மாலையில் முடிவைப் படித்தார்கள். ஒரு வாக்கு.

ஒரு வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. (உருளைக்கிழங்கு இறங்கவில்லை என்று திருத்தச் சொல்கிறாள். அப்படியே.) எட்டாம் நாள் மாலகியைத் தேடிப் போனாள். தேர்தல் முடிந்ததும் வேட்பாளர்தான் தன் சுவரொட்டிகளைக் கழற்றவேண்டும் என்பது வழக்கம். அவன் சாலையோரக் கம்பத்தில் ஏணியைச் சாத்தி, மேலே நின்று தன் முகத்தைத் தானே பிடுங்கிக்கொண்டிருந்தான்.

'கொட்டுகிற மழையில் அவள் தலையை நிமிர்த்தி—'

"மழை இல்ல" என்றாள் டிம்ப்னா.

"கதைக்கு நல்லா இருக்கும்."

"இருக்கட்டுமே. இல்லாத மழையை நீ எப்படிப் பெய்ய வைப்ப?"

மழை இல்லாமல், கீழிருந்து, டிம்ப்னா சொன்னாள்: "அந்த ஒரு ஓட்டு என்னோடது. நாலு பேருக்கும் ஒண்ணு போட்டுட்டேன். வேணும்னு செய்யல. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், அதான்."

மேலே இருந்தவன் கையில் தன் முகத்தின் பாதியோடு அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு சொன்னான்:

"ஏணியைக் கொஞ்சம் பிடிச்சுக்கறியா? ஆடுது."

அவள் பிடித்துக்கொண்டாள். அடுத்த கம்பத்திலும் பிடித்துக்கொண்டாள். ஊர் எல்லை வரை கம்பம் இருந்தது. அடுத்த வருஷம் கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள்.

5

அன்றிலிருந்து ஒவ்வொரு தேர்தல் நாளிலும் டிம்ப்னா விடிந்ததும் எழுந்து மாலகிக்குப் பெரிய காலைச் சாப்பாடு செய்வாள். பன்றி இறைச்சி, தொத்திறைச்சி, பன்றி இரத்தத்தில் செய்த புட்டிங், இரண்டு முட்டை, வறுத்த ரொட்டி. மற்ற நாளில் அவனுக்குக் கஞ்சிதான், மருத்துவர் உத்தரவு. தட்டை வைக்கும்போது அவள் ஒன்றும் சொல்லமாட்டாள், அவனும் கேட்கமாட்டான். அது பரிகாரம் என்று அவளுக்குத் தெரியும், அவனுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்திருந்தாள். பொதுத்தேர்தல், உள்ளாட்சித் தேர்தல், ஜனாதிபதி தேர்தல், பொதுவாக்கெடுப்பு ஒன்றையும் விடவில்லை. மாலகியின் கொழுப்புக்கு மாத்திரை கொடுப்பவன் என்ற முறையில் இந்த நாட்டில் தேர்தல் கொஞ்சம் அதிகம் என்றே எனக்குத் தோன்றும்.

இப்படியாக, நான் பார்த்த வரைக்கும், சந்தோஷமான வீடு. கதை எழுதுகிறவனுக்கு அது ஒரு இடைஞ்சல்தான், ஆனால் அதற்காக அவர்களைச் சண்டை போடவைக்க எனக்கு மனம் வரவில்லை. சண்டை தானாகவே வந்தது.

6

புத்தகத்துக்காக டிம்ப்னா பழைய ஆட்களிடம் நினைவுகளைக் கேட்கப் போனாள். முதலில் அட்ரக்டா மோரன். தேநீர், பழக்கேக், பிறகு அந்தத் தேர்தல்.

"உன் புருஷன் மாதிரி ஒரு மனுஷனைப் பார்க்க முடியாதுடி டிம்ப்னா" என்றாள் அட்ரக்டா. "நான் போய்க் கண்ணைக் கசக்கிட்டு நின்னேன். என்ன சொன்னான் தெரியுமா? 'ஒரு ஓட்டுல தோக்கல, அட்ரக்டா. பதினொண்ணுல தோத்தேன். நீ ஒருத்தி வந்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது, போய் நிம்மதியாத் தூங்கு'ன்னான். எம் மனசு நோகக்கூடாதுன்னு ஒரு பொய்! நல்ல மனுஷன். அதுக்கப்புறம்தான் எனக்கு இன்னும் அழுகை வந்துச்சு."

டிம்ப்னா சிரித்தாள். அவனுடைய குணம் அதுதான் என்று பெருமையாகக்கூட இருந்தது. கேக்கில் இன்னொரு துண்டு சாப்பிட்டுவிட்டு ஃபின்டன் வீட்டுக்குப் போனாள்.

ஃபின்டன் முற்றத்தில், எந்தத் தொகுதி என்று தெரியாத இடத்தில், நின்றுகொண்டிருந்தான்.

"மெம்பர் எங்கிட்ட சரியாப் பொய் சொன்னான்" என்றான். "பதினொண்ணாம்! 'உன் மாடு பதினொரு கன்னு போட்டிருந்தாதான் உன் மேல தப்பு'ன்னான். நான் விடுவேனா? 'என்னைச் சின்னப்பையன்னு நினைச்சியா மாலகி, அந்த ஓட்டு என்னோடதுதான், அதை எங்கிட்டருந்து புடுங்காத'ன்னேன். ரெண்டு பேருக்கும் கைகலப்பு ஆகியிருக்கும்."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் டிம்ப்னாவின் நடை மெதுவாகியது. ஆறுதலுக்குப் பொய் சொல்கிறவன் ஒருத்தியிடம் இருபது என்பான், இன்னொருத்தனிடம் நூறு என்பான். இரண்டு பேரிடமும் ஒரே எண்ணைச் சொன்னால் அது பொய் இல்லை.

7

அடுப்படியில் தேநீருக்குக் கெண்டியை வைத்துவிட்டு நின்றபோது அவளுக்கு அந்த மண்டபம் திரும்ப வந்தது.

தேர்தல் அதிகாரி முடிவை முதலில் ஐரிஷ் மொழியில் படிப்பார், அப்புறம்தான் ஆங்கிலத்தில். அது சம்பிரதாயம். ஐரிஷில் ஒன்று என்பதற்கு 'ஏன்' என்று சொல்வார்கள். (தமிழ் வாசகருக்கு அது கேள்வியாகக் கேட்கும். இங்கே அது எண். இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) பத்துக்கு மேல் போனால் அந்த மொழி எண்ணை இரண்டாக உடைத்து, எண்ணப்படும் பொருளை நடுவில் வைக்கும். பதினொரு வாக்கு என்பதை, ஒன்று, வாக்கு, பிறகு பத்து என்கிற வரிசையில் சொல்வார்கள்: 'ஏன் வோட்டா யேக்.'

டிம்ப்னா கெண்டியிடம் அதைச் சத்தமாகச் சொன்னாள்.

"ஏன் வோட்டா..."

அந்த இடத்தில்தான் மண்டபம் வெடித்தது. எல்லாரும் பள்ளிக்கூடத்தில் ஐரிஷ் படித்தவர்கள். படித்தது வாழ்க்கையில் முதல் தடவையாக உதவிக்கு வந்த சந்தோஷத்தில், முதல் இரண்டு சொல்லைக் கேட்டதுமே கத்த ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு வாக்கு! தொப்பிகள் பறந்தன. அதிகாரியின் வாய் மட்டும் அசைந்தது. ஆங்கிலத்தில் என்ன படித்தார் என்று ஒருவருக்கும் கேட்கவில்லை. உள்ளூர் வாரப் பத்திரிகைக்காரன் கடைசி வரிசையில் நின்றான், அவனும் ஒன்று என்றே எழுதினான்.

"...யேக்" என்று முடித்தாள் டிம்ப்னா.

ஒரே ஒருவனுக்கு அது கேட்டிருக்கும். மேடையில் அதிகாரியின் தோளுக்குப் பக்கத்தில் நின்ற தோற்ற வேட்பாளனுக்கு.*

அவளுக்குக் கோபம் வந்தது. ஒரு வாக்கு பதினொன்றாக மாறியதற்காக அல்ல. ஊரில் வந்து அழுத அத்தனை பேரிடமும் உண்மையைச் சொல்லி அனுப்பியிருக்கிறான். யாரும் நம்பவில்லை, அது அவர்கள் பாடு. ஆனால் சொன்னான். அவளிடம் மட்டும் சொல்லவில்லை. அத்தனை தேர்தலிலும் விடியற்காலையில் எழுந்து முட்டை பொரித்தவளிடம் சொல்லவில்லை. தன்னைத் தவிர எல்லாரும் அவனுக்கு நெருக்கம் என்பதுபோல் ஒரு கசப்பு அவள் நெஞ்சில் ஏறியது. அவன் கட்டிக்கொண்டது தன்னையா, தன் குற்ற உணர்ச்சியையா என்றுகூட நினைத்தாள்.

* மூன்றாவது நாற்காலியை ஜெயித்தவர் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டாரா என்று கேட்கலாம். சொன்னார். ஜெயித்தவன் அப்படித்தான் சொல்லுவான் என்று விட்டுவிட்டார்கள். அரசு ஏட்டிலும் பதினொன்றுதான், ஆனால் ஊருக்கே தெரிந்த விஷயத்துக்கு ஏட்டை யார் புரட்டுவார்கள்?

8

இந்தக் காட்சியை நான் மூன்று விதமாக எழுதினேன். ஒன்றில் அவள் தட்டை உடைத்தாள். ("உடைக்கல. அது என் அம்மா குடுத்த தட்டு.") இன்னொன்றில் அவள் ஒன்றும் கேட்காமல், தெரிந்ததைத் தெரியாததுபோல் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே தூரத்தில்— அதுவும் போயிற்று. டிம்ப்னா ஜன்னல் வழியே பார்க்கிற ஆள் இல்லை. நடந்தது இது.

மாலகி மேஜையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான். அவள் எதிரே போய் நின்றாள்.

"காதுல மாட்டு."

கருவியை மாட்டிக்கொண்டான்.

"பதினொண்ணு" என்றாள்.

அவன் செய்தித்தாளை மடித்தான். ஒழுங்காக, நான்காக மடித்தான். "யாரு சொன்னா?"

"நீதான். ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்க. அட்ரக்டாகிட்ட சொன்ன. ஃபின்டன்கிட்ட சொன்ன. எங்கிட்ட மட்டும் ஏன்?"

'ஏன்?' அவள் ஆங்கிலத்தில்தான் கேட்டாள். ஆனால் நான் தமிழில் எழுதுகிறேன், அதனால் அவள் வாயிலிருந்து வந்தது அவர்கள் ஊர் மொழியில் ஒன்று என்பதாகவும் ஆகிறது. இந்தக் கதையைத் தமிழில் எழுதியதில் எனக்குக் கிடைத்த லாபம் இது. நான் தேடிப் போகவில்லை, தானாகக் கிடைத்தது.

"இன்னும் நிறைய கம்பம் பாக்கி இருந்துச்சு, டிம்ப்" என்றான் மாலகி.

"என்ன?"

"நீ வந்து சொன்னப்ப முதல் கம்பத்துலதான் இருந்தேன். பதினொண்ணுன்னு சொல்லியிருந்தா நீ 'அப்படியா, சரி'ன்னு வீட்டுக்குப் போயிருப்ப. மழை வேற."

"மழை இல்ல."

"மழை பெஞ்சுது. நீ நனைஞ்சுட்டு நின்ன."

"மாலகி, மழையைப் பத்திப் பேசல. கம்பமெல்லாம் முடிஞ்சுதே, அப்புறம் சொல்லியிருக்கலாமே?"

"அப்புறம் பயமா இருந்துச்சு."

"எதுக்கு?"

"நீ அந்த ஒரு ஓட்டுக்காகத்தானே வந்த. அது இல்லேன்னு ஆயிட்டா போயிடுவியோன்னு."

"எது வரைக்கும் பயம்? கல்யாணம் வரைக்குமா?"

மாலகி கொஞ்சம் யோசித்தான். "இப்ப, காதுல மாட்டுன்னு சொன்னியே, அது வரைக்கும்."

டிம்ப்னா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்த மனிதன் தன்னை இழந்துவிடுவோம் என்று இத்தனை வருஷமும் பயந்திருக்கிறான். அதைக் கேட்டதும் அவளுக்கு வந்தது சந்தோஷம், வெட்கமில்லாத சந்தோஷம். அதை அவனிடம் உடனே காட்டக்கூடாது என்று முகத்தைக் கடுப்பாகவே வைத்துக்கொண்டாள்.

"அத்தனை தேர்தலுக்கும் எழுந்து புட்டிங் பொரிச்சேனே. செய்யாத தப்புக்கு."

"செய்யாத தப்பா? நாலு பேருக்கும் ஒண்ணு போட்டது நீதானே?" என்றான் மாலகி. "பதினொண்ணுல ஒண்ணு நீ. மிச்சம் பத்து பேரைத்தான் இன்னும் தேடிட்டிருக்கேன்."

அவள் சிரித்துவிட்டாள். கெண்டி வெகுநேரமாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

9

ஆக, அவர்களுக்குள் விஷயம் தீர்ந்தது. தீராதது அந்த வாக்கியம். என் கடையில் உட்கார்ந்து டிம்ப்னா சொன்னாள்:

"ஒண்ணுன்னு போட்டா அது பொய். பதினொண்ணுன்னு போட்டா ஃபின்டனுக்கு ஒண்ணுமே இல்லாமப் போயிடும். அவன் மாடும் போச்சு, அட்ரக்டா முடியும் போச்சு. ஒண்ணுன்னா எல்லாருக்கும் சொந்தம். பதினொண்ணு யாருக்கும் சொந்தமில்ல."

"மாலகி என்ன சொல்றான்?"

"'தொகுதியே அந்த ஒண்ணுலதான் உக்காந்திருக்கு, பார்த்து எடு'ன்னு சொல்றான். அப்புறம் 'வரலாறுன்னு தலைப்புல போட்டுட்டியே'ன்னும் சொல்றான். ரெண்டு பக்கமும் பேசறான். அரசியல்வாதியில்லையா."

"நீ என்ன நினைக்கற?"

"நான் நினைச்சா உங்கிட்ட எதுக்கு வரேன்?"

வெள்ளிக்கிழமை நாளைக்கு. என்னால் அந்த வாக்கியத்தை எழுத முடியவில்லை. கதை எழுதுவது பொய்யில் பிழைக்கிற தொழில் என்றாலும் ஒரு ஊரின் பொய்யைத் தொடப் பயமாக இருக்கிறது. ஊரின் உண்மையைத் தொட அதைவிடப் பயம். ஆகவே இந்த ஊர் எதையும் எப்படித் தீர்த்துக்கொள்ளுமோ அப்படியே செய்கிறேன். சீட்டு இதோ.

[  ] மாலகி டெவனி ஒரு வாக்கு வித்தியாசத்தில் தோற்றார்.

[  ] மாலகி டெவனி பதினொரு வாக்கு வித்தியாசத்தில் தோற்றார்.

[  ] மாலகி டெவனி ஏன் வோட்டா—

மூன்றாவது டிம்ப்னா யோசித்தது. மண்டபத்தில் காதில் விழுந்த வரைக்கும் மட்டும், அந்த மொழியிலேயே அச்சடித்து, மீதியைக் கூச்சலுக்கு விட்டுவிடுவது. அதுவும் ஒரு வகையில் வரலாறுதான் என்கிறாள்.

பென்சில் உங்கள் பக்கம் இருக்கிறது, கயிறு கொஞ்சம் குட்டை. பிடித்ததற்கு 1, அடுத்ததற்கு 2, அப்புறம் 3. நான் எட்டிப் பார்க்கமாட்டேன் என்று சொல்லமாட்டேன். இந்த ஊரில் எல்லாரும் எட்டிப் பார்ப்பார்கள்.

மூன்றிலும் 1 போட்டால் சீட்டு செல்லாது. போடத் தோன்றினால் போடுங்கள். ஆனால் அப்புறம் வந்து ஏணியைப் பிடிக்கவேண்டியிருக்கும்.